புள்ளி வட்டம்

பாய லேபாரில், பன்னிரண்டாம் மாடியில்,
எனக்குச் சம்பளம் தரும் வேலை இது:
நான்கு மொழிகளில் நான்காவது
திரையில் உடையாமல் நிற்கிறதா என்று பார்ப்பது.

உடைந்துதான் நிற்கும்.

வரிசை எண் தரும் இயந்திரத்தில்
'தொடுக' என்று இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு த.
அதன்பின் புள்ளிகளாலான ஒரு வட்டம்,
வட்டத்தின் இருபுறமும்
ஆளில்லாத வீட்டுக்குக் காவல் நிற்பதுபோல்
கொம்பும் காலும்.
பற்றிக்கொள்ள மெய் கிடைக்காத உயிர்க்குறிக்கு
மென்பொருள் இழுத்துப் போடும் காலி நாற்காலி அது.

நான் அவற்றைச் சேர்க்கிறேன்.
கைப்பேசியில் தனிக் கோப்புறை, இருநூற்றுப் பதினேழு படங்கள்.
தோ பாயோவில் ஒரு பல்மருத்துவர் வாசல்.
செங்காங்கில் ஒரு மின்தூக்கி.
குப்பை போடாதீர் என்று சொல்ல வந்து
தானே சிதறிக் கிடந்த ஓர் அறிவிப்பு;
அதன் கீழ் ஒரு கோப்பிப் பொட்டலம், உறிஞ்சுகுழலோடு.

ஜியா வென் கேட்டாள், ஏன் இப்படி ஆகிறது?
'கெ' என்னும்போது வாய் முதலில் சொல்வது க், பிறகுதான் எ.
நினைவகமும் அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறது.
எழுதும்போது மட்டும் கொம்பு முந்திக்கொள்ளும்,
மாப்பிள்ளைக்கு முன்னால் நாயனம் வருகிற மாதிரி.
அதை யார் முன்னால் நகர்த்துவது?
உள்ளே ஒருவன் இருக்கிறான், கண்ணுக்குத் தெரியமாட்டான்.
அவன் தூங்கிவிட்டால்
என் மொழி தூக்கத்தில் உளறும்.
'பாவம் லா' என்றாள்.
யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

அவளுக்குத் தமிழ் தெரியாது; கண் இருக்கிறது.
மார்ச் மாதம் ஒரு வாசிப்பு விழாவுக்குத்
துணிப்பை வடிவமைத்தாள்.
வெள்ளைத் துணியில், நட்டநடுவில்,
ஆரஞ்சு நிறத்தில், என் உள்ளங்கை அகலத்துக்கு
அந்தப் புள்ளி வட்டம்.
'உங்கள் எழுத்துகளிலேயே இதுதான் அழகு.'
முந்நூறு பைகள் அச்சாகி வந்திருந்தன.
வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.
ஒன்றை எடுத்துக்கொண்டேன்.
இப்போது அதில்தான் வெங்காயம் வாங்குகிறேன்.
தேக்காவில் இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

போன வியாழன் துவாஸ்.
ஊழியர் தங்குவிடுதி உணவுக்கூடம்,
மின்விசிறிச் சத்தத்தில் ஒரு பாதுகாப்புச் செயலிக்குச் சோதனை.
எதிரே இருதயராஜ், சாரம் கட்டுபவர்,
பரமக்குடிப் பக்கம், இங்கே ஆறாவது வருடம்.
பலகைக்கணினியை நீட்டினேன். வாசித்தார்:
'கொக்கியை மாட்டிய பின்னரே மேலே ஏறவும்.'
தடங்கலே இல்லை.
நான் எட்டிப் பார்த்தேன்.
க, வட்டம், அநாதையாய்க் கொம்பு, கால், பிறகு க்கியை.
அடுத்த வரி அதைவிட மோசம்.
அதையும் வாசித்தார், வானிலை அறிக்கைபோல.

அண்ணே, எழுத்தெல்லாம் தப்பா இருக்கே?
'தப்பா? படிச்சிட்டனே.'

உள்ளே தூங்கியவனின் வேலையை
இவர் கண் செய்து முடித்திருந்தது,
மிகைநேரச் சம்பளம் இல்லாமல்.

பிறகு திரையை அருகே இழுத்து,
சிமெண்டு ஏறிய நகத்தால் வட்டத்தைத் தொட்டார்.
'இது மட்டும் என்னான்னு புரியல.
லோடு ஆகுதாக்கும்னு கொஞ்ச நேரம் பார்த்தேன்.
வரல.
சரின்னு நானே படிச்சிட்டேன்.'

திரும்பும் பேருந்தில் அறிக்கை எழுதினேன்.
பயனர் புரிந்துகொண்டாரா: ஆம்.
பிழையின் தீவிரம்:
அந்தக் கட்டத்தில் விரலை வைத்தபடி
பூன் லே வரை வந்துவிட்டேன்.
'உச்சம்' என்றே போட்டேன்.
அவர் நாளைக்கு ஏறுவது
பதினான்காம் மாடி.